காசும் காலநிலையும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று பழைய வடஆற்காடு முழுக்க மக்கள் கேட்கிற கேள்விகள் இவை. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், நெல்லும் மல்லாட்டையும் போடுகிறவர்கள், பீடி சுற்றுகிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டயர்மென்ட் பணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்கிற பெரியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பேங்கில் சொல்வதும் டி.வி.யில் நிபுணர் சொல்வதும் புரியவில்லை என்றால் அது கேட்பவரின் குறை இல்லை, சொல்பவரின் குறை. எதுவாக இருந்தாலும் இது யாருடைய காசு, நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும். கீழே உள்ள பதில்களும் அந்த வழியில்தான் போகின்றன.

காசு விஷயம் வேறு, காலநிலை வேறு. இரண்டையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

பாலாற்றைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி வரக்கூடாது, ஆனால் வருகிறது, அதனால் முதலில் இதையே சொல்லிவிடுகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடும் தொழில். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க 35 லிட்டர் தண்ணீர் வரை செலவாகும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உப்பும் குரோமியமும் கலந்த அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் அப்படியே வெளியே போனது. தோலை விற்றவருக்கு லாபம், வாங்கிய வெளிநாட்டுக்காரருக்கு மலிவான ஷூ, நாட்டுக்கு அந்நியச் செலாவணி. கிணறு உப்பாகிப் போன விவசாயிக்கு என்ன கிடைத்தது? அவருடைய நட்டம் எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பாழாகிவிட்டிருந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவர்தான் அதற்கான செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்கிற செலவும் அவருடையதுதான் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. இன்று இந்தியாவில் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கை எடுத்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் காட்டுகிறார்கள். ஆனாலும் பாலாறு சரியாகவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், அப்புறம் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

உலகம் சூடாகும் கதையும் இதேதான். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்தவர்கள் ஒரு பக்கம் லாபம் பார்த்தார்கள், செலவு வேறு யாரோ ஒருவரின் வயலிலும் வீட்டிலும் விழுகிறது. அதனால்தான் இரண்டையும் பிரிக்க முடியாது.

வேலூரில் எப்போதும் வெயில்தானே? இதில் புதிதாக என்ன வந்துவிட்டது?

வெயில் புதிதில்லை. கடற்காற்று வந்து சேரத் தாமதமாகும் உள்மாவட்டம், சுற்றிலும் பாறை மலை. அக்னி நட்சத்திரத்தில் "வேலூரில் 108 டிகிரி" (ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 42) என்று அடிக்கடி செய்தி வரும்.

ஆனால் ஒரு நாள் வெயிலை வைத்துக் காலநிலையைப் பேச முடியாது, ஒரு மே மாதம் குளிர்ச்சியாகப் போனதை வைத்தும் பேச முடியாது. வானிலை அறிவியலில் குறைந்தது 30 ஆண்டுச் சராசரியைத்தான் காலநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சராசரி நகர்கிறதா என்பதுதான் கேள்வி. நகர்கிறது. 1850 முதல் 1900 வரை இருந்த உலகச் சராசரியை விட 2011-2020 ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல். 2024 ஒரு தனி ஆண்டாக 1.5 டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டு.

வெறும் 1.5 டிகிரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? காலைக்கும் மதியத்துக்குமே 12 டிகிரி வித்தியாசம் இருக்கிறதே?

உங்கள் வீட்டு வாசலில் 12 டிகிரி ஏறி இறங்குவது வேறு, கடல், துருவம், பாலைவனம் எல்லாம் சேர்த்து உலகம் முழுமைக்குமான சராசரி ஏறுவது வேறு. வட அமெரிக்காவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்த கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவை விட 5 முதல் 7 டிகிரிதான் குறைவாக இருந்தது. அந்த மாற்றம் நடக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாம் ஒன்றரை டிகிரியை நெருங்கும் அளவுக்கு ஒன்றரை நூற்றாண்டில் ஏற்றியிருக்கிறோம், அதிலும் பெரும்பகுதி கடந்த 50 ஆண்டுகளில்.

காரணமும் மர்மம் இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலத்தில் பத்து லட்சத்தில் 280 பங்கு, 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்க ஆரம்பித்தபோது சுமார் 315, இப்போது 420க்கு மேல்.

சூடாகிறது என்றால் மழை குறையத்தானே வேண்டும்? 2021இல் பாலாறு கரை புரண்டதே!

ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும், பெய்யாத நாட்களில் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் அதே காற்று உறிஞ்சிக்கொள்ளும். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். நீரில்லா ஆறு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்தது. அதே மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மழை வரப்போவதில்லை என்று நினைத்து ஆற்றுப் படுகையிலும் ஏரிக்குள்ளும் வீடு கட்டினால் நட்டம் யார் தலையில் என்பதை அந்த நவம்பர் காட்டிவிட்டது. இனி மனை வாங்குகிறவர்கள் பத்திரம் பார்ப்பதோடு நிறுத்தாமல் கிராம வரைபடத்தில் அந்த இடம் ஏரியா, ஓடையா, நீர்ப்பிடிப்பா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பைக், கார் வெள்ளத்தில் மூழ்கினால் இன்சூரன்ஸ் வருமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வராது. முழுக் காப்பீடு இருந்தால் வரும், ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டுப்போனால், இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். மூழ்கிய வண்டியில் சாவி போடாதீர்கள்.

ரெண்டு வட்டி, மூணு வட்டி என்கிறோம், பேங்கில் 9 பெர்சென்ட் என்கிறார்கள். எது மலிவு?

நம் ஊர்க் கணக்கு மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்பது, பேங்க் கணக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்பது. ஊர் வட்டியை 12ஆல் பெருக்குங்கள். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், அஞ்சு வட்டி என்றால் 60. பேங்கின் 9 சதவீதத்தை நம் பேச்சில் சொன்னால் முக்கால் வட்டி. "அஞ்சு வட்டிதானே" என்று வாங்குகிறவருக்கு "பன்னிரண்டு பெர்சென்ட்டா!" என்று பேங்கைப் பார்த்துப் பயம். பன்னிரண்டு பெர்சென்ட் என்பது வெறும் ஒரு வட்டி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். வண்டிக் கடனில் "10 சதவீதம் பிளாட்" என்பார்கள். ஒரு லட்சம் கடன், மூன்று வருஷம். வருஷத்துக்கு 10,000 வீதம் 30,000 வட்டி, மொத்தம் 1,30,000, அதை 36ஆல் வகுத்து மாதம் 3,611 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் நீங்கள் அசலிலும் கொஞ்சம் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், கடைசி வருஷத்தில் உங்கள் கையில் இருக்கும் அசல் முப்பதாயிரத்துச் சொச்சமும் அதற்குக் கீழேயும்தான், வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் போகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 18 சதவீத வட்டி. அதனால் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பிளாட்டா, குறையும் நிலுவைக்கா?" கடன் ஒப்பந்தத்தோடு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி இருக்கும். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பயிர்க் கடன் வேண்டும் என்றால் முதலில் உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தண்டல்காரரிடம் வாங்கி விதை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ரிசர்வ் வங்கி ரெப்போ குறைத்தது என்றார்கள். என் இ.எம்.ஐ. குறையவில்லையே?

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடனுக்கான வட்டி. 2019 அக்டோபருக்குப் பின் வங்கியில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன் என்றால் மூன்று மாதத்துக்குள் மாற்றம் உங்களுக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலும் வங்கி இ.எம்.ஐ.யை அப்படியே வைத்துவிட்டு மாதங்களைக் குறைத்துவிடும், அதனால் வெளியே தெரியாது. அறிக்கை கேட்டு வாங்கிப் பாருங்கள். நிலையான வட்டிக் கடனுக்கும் வெளியில் வாங்கிய நகைக் கடனுக்கும் இது பொருந்தாது.

வீட்டில் சோலார் போட்டால் லாபமா?

யார் வீடு என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 150, 200 யூனிட் ஓடுகிற வீடு என்றால் அவசரப்பட வேண்டாம், முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், மிச்சத்துக்கு வரும் பில் சிறியது. ஏ.சி. ஓடி 500ஐத் தாண்டுகிற வீடு என்றால் கண்டிப்பாகக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் 500ஐத் தாண்டிய உடனே கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் இல்லாமல் முந்தைய யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே மாறிவிடுகிறது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் வரை மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். பணம் பேனல் போட்டு மீட்டர் மாற்றிய பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் முழுத்தொகையும் நீங்களோ கடன் கொடுக்கும் வங்கியோ போட வேண்டும். பேனலும் அதில் உள்ள செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட். மொத்தச் செலவு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம், மானியம் போக உங்கள் கைக்காசு 1,22,000. இரண்டு மாதப் பில்லில் 3,500 ரூபாய் மிச்சமானால் வருஷத்துக்கு 21,000, ஆறு வருஷத்துக்குள் போட்டது திரும்பிவிடும். பேனலுக்குப் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒரு முறை மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். உங்கள் கடைசி ஆறு பில்லை எடுத்து இதே கணக்கை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள், விற்க வருகிறவர் போட்டுக் காட்டும் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

வேலூர் வெயிலுக்கு எக்கச்சக்கமாக மின்சாரம் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாத மதியம் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்று போகும்படி உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அப்படி வைத்தால் அடியில் இருக்கிற அறையும் கொஞ்சம் குளிரும்.

பயிர்க் காப்பீடு கட்டினேன், என் நெல் போனது, பணம் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அதிகம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது, கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது, ஏனென்றால் காசு கட்டும்போது யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. விவசாயி கட்டுவது காரீப் (தென்மேற்குப் பருவமழைக் காலத்து) உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதற்கு அடுத்த பருவமான ரபிக்கு 1.5, தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5. மிச்சப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. 2020 காரீப்பில் இருந்து கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயம் இல்லை, விருப்பம்தான்.

இப்போது முக்கியமான இடம். கம்பெனி உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. உங்கள் வருவாய்க் கிராமத்தையோ பிர்காவையோ ஒரே வயலாகத்தான் பார்க்கிறது. அறுவடை நேரத்தில் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். வரப்பின் மூலையில் இருந்து எத்தனை அடி உள்ளே போக வேண்டும் என்பதைக்கூட அவர்கள் தீர்மானிக்க முடியாது, அதற்கும் குலுக்கல் எண் உண்டு. அந்த இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். அப்படி எடுத்த எடைகளின் சராசரிதான் அந்த வருஷத்தில் உங்கள் ஊரின் விளைச்சல். கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியில் இருந்து ஓர் உத்தரவாத விளைச்சலைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு எத்தனை சதவீதம் குறைவோ அத்தனை சதவீதம் காப்பீட்டுத் தொகையில் வரும்.

உதாரணத்துக்கு உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு 2,000 கிலோ, அளந்தது 1,500 கிலோ என்றால் குறைவு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் 9,000 ரூபாய் வரும். ரபிப் பருவத்துக்கு நீங்கள் கட்டியிருப்பது 540 ரூபாய். ஆனால் உங்கள் வயல் மட்டும் பூச்சியில் போய், ஊரில் மற்றவர்களுக்கு நன்றாக விளைந்திருந்தால் ஊர்ச் சராசரி குறையாது, உங்களுக்கு ஒன்றும் வராது. இது பெரிய குறை என்பதுதான் என் கருத்து. சின்ன விவசாயிக்கு அந்த ஒரு வயல்தான் எல்லாம்.

தனி வயலுக்கும் வழி உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாதது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றில் உங்கள் வயல் மட்டும் போனாலும், அறுத்துக் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டாலும் தனியாகக் கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 14447 எண்ணில் கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேளாண் அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். வயலைப் படம் எடுங்கள். பக்கத்து வயல்காரர் சொல்லட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் அந்த மூன்று நாளும் போய்விடும்.

சிட்டாவில் ஒரு சர்வே எண், அடங்கலில் வேறு பயிர், வங்கிப் புத்தகத்தில் வேறு இனிஷியல் என்று இருந்தாலும் பணம் நிற்கும். பதியும் அன்றைக்கே ரசீதைப் படித்துச் சரிபார்த்துவிடுங்கள்.

வெயிலால் வேலை போனால், உயிர் போனால் ஏதாவது கிடைக்குமா?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவப் பதிவில் இருக்க வேண்டும், அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார், என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லி எழுத வையுங்கள்.

சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடினாலோ, நேராக 45 டிகிரியைத் தொட்டாலோதான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. மே மாதத்தில் நமக்கு வழக்கமே 40ஐ ஒட்டி இருப்பதால், செங்கல் சூளையில் ஆள் மயங்கி விழுகிற நாளும் கணக்கில் வெறும் சாதாரண நாளாகப் போய்விடலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஃபேன் காற்றில் இலை பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பீடி சுற்றும் பெண்ணுக்கு வெளியே எத்தனை டிகிரி என்பது பாதிக் கதைதான்.

குஜராத்தில் சேவா அமைப்பில் உள்ள பெண் தொழிலாளர்களுக்கு ஒரு வகைக் காப்பீடு வந்திருக்கிறது: வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நட்டத்தை நிரூபிக்கத் தேவையில்லாமல் பணம் கணக்கில் ஏறிவிடும். தொகை சிறியது. ஆனால் அந்த நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க அது தைரியம் கொடுக்கும். பீடித் தொழிலாளரும் தீப்பெட்டித் தொழிலாளரும் இத்தனை பேர் இருக்கிற குடியாத்தத்துக்கு இது வர வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன்.

என் மாந்தோப்புக்குக் கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கையெழுத்துப் போடலாமா?

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்ததற்கோ உறிஞ்சியதற்கோ கொடுக்கும் சான்றுதான் ஒரு கிரெடிட். புகை விடுகிற ஒரு கம்பெனி அதை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே நிற்கிற மரத்துக்குப் பொதுவாகக் கிடையாது, இந்தப் பணம் வந்ததால்தான் இந்த மரம் வந்தது என்று காட்ட வேண்டும். ஓர் ஏக்கர் ஆண்டுக்கு 3 டன் உறிஞ்சுகிறது, டன்னுக்கு 800 ரூபாய் என்று வைத்தாலும் 2,400 ரூபாய்தான். அதில் அளப்பவர், சரிபார்ப்பவர், நடுவில் இருப்பவர் எடுத்தது போக மீதி உங்களுக்கு. இதற்காக 20, 30 ஆண்டு மரத்தை வெட்டமாட்டேன் என்று ஒப்பந்தம் கேட்பார்கள். பிள்ளை கல்யாணத்துக்கு வெட்ட முடியாது, தீப்பிடித்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் அந்தத் தாளில் தேடுங்கள். முன்பணம் கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் சேர்ந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாக, ஒப்பந்தத்தைத் தமிழில் வாங்கிப் படித்து இறங்கினால் அது வேறு விஷயம்.

ஆம்பூர் ஷூவுக்கு ஐரோப்பா கார்பன் வரி போடப்போகிறதா?

இப்போதைக்கு இல்லை. இறக்குமதியாகும் சரக்கைச் செய்தபோது வெளியான கார்பனுக்கு ஏற்ப விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுமையாக அமலுக்கு வந்தபோது அதில் இருந்தவை சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். தோலும் காலணியும் இல்லை. இராணிப்பேட்டைப் பக்கம் இரும்புச் சாமான் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷூ கம்பெனிகளுக்கு வரி இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் கேட்கிறார்: தண்ணீர் எவ்வளவு, ரசாயனம் என்ன, கரண்ட் எங்கிருந்து. லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பின் தணிக்கையில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுப்பது இதற்காகத்தான். அந்தச் செலவைக் கம்பெனி எடுக்கிறதா, வாங்குகிறவர் விலையில் கொடுக்கிறாரா, கூலியில் கை வைக்கிறார்களா என்பதைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

பசுமைப் பத்திரம் என்றால்?

சாதாரணக் கடன் பத்திரம்தான், வாங்கிய பணத்தை சூரிய மின்சாரம், மெட்ரோ போன்றவற்றில் மட்டும் போடுவோம் என்ற உறுதிமொழியோடு. மத்திய அரசு 2023 ஜனவரியில் முதல் முறை 8,000 கோடிக்கு வெளியிட்டது, ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு வட்டி 7.10 சதவீதம். அடுத்த மாதம் இந்தூர் மாநகராட்சி சோலார் ஆலைக்காக மக்களிடம் 244 கோடி திரட்டியது. வேலூர் மாநகராட்சியும் ஒரு நாள் செய்யலாம், அதற்கு முதலில் வரவு செலவுக் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

காலநிலைக்காகப் பணக்கார நாடுகள் கொடுக்கும் பணம் நமக்கு வருமா?

2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் தருவோம் என்றார்கள், 2022இல்தான் அந்த அளவைத் தொட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். அதிலும் பெரும்பகுதி கடன். வெயிலை உண்டாக்கியவர் கடன் கொடுத்து வட்டியும் வாங்குவது எந்த நியாயம் என்று ஏழை நாடுகள் கேட்கின்றன, கேட்பது சரி. 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள், போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தது.

அந்தப் பணத்துக்குக் காத்திருக்காமல் நடந்த வேலையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஓடைகளில் தடுப்பு கட்டி, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகள் தோண்டினார்கள். நிலத்தடி நீர் ஏறியது. பெரிய மாநாடுகளில் தகவமைப்பு என்று பேசுவது இந்த மாதிரி வேலையைத்தான், இங்கே அதற்கான காசு ஊரக வேலைத் திட்டக் கூலியாக வந்தது.

2070இல் நிகர பூஜ்யம் என்றால் கார்பனே இருக்காதா?

இருக்கும். நாடு வெளியிடுவதும் காடு, மண், தொழில்நுட்பம் உறிஞ்சுவதும் சமமாகிவிடும் என்று அர்த்தம். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா இதை அறிவித்தது.

சோலார் பார்க்கில் போடுங்கள், மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்கிறார்கள். நிறையப் பேருக்கு வந்துகொண்டும் இருக்கிறது?

போடாதீர்கள். ஒரு லட்சம் போட்டால் மாதம் 10,000 என்றால், முதல் பத்து மாதம் உங்களுக்கு வருவது உங்கள் காசேதான். மாதம் 10 சதவீதம் கூட்டு வட்டியில் ஒரு லட்சம் ஒரு வருஷத்தில் 3 லட்சத்தைத் தாண்டும், ஐந்து வருஷத்தில் 3 கோடியைத் தாண்டும். உலகத்தில் எந்த சோலார் பார்க்கும் அப்படிச் சம்பாதிப்பதில்லை. பின்னால் வருகிறவர் காசை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கிறார்கள், வருகிறவர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். நம் மாவட்டங்களில் இப்படி நகை விற்றும் நிலம் விற்றும் போட்டவர்கள் எத்தனை பேர் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்! பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது என்பது ஆதாரம் இல்லை.

வங்கி டெபாசிட் என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது, சேர்வது என்றால் 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டத்தில் பதிவு செய்ததா என்று பார்த்துச் சேருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டேன். எங்கே போவது?

ஆன்லைனில் பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள். நேரம் போகப் போகப் பணம் வேறு வேறு கணக்குக்கு நகர்ந்துவிடும். டெபாசிட் மோசடி என்றால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு, ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வங்கி மீது குறை என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, எப்படிப் பதிவது என்று 14448 எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். வங்கிக்குக் கொடுத்த மனுவில் தேதியோடு முத்திரை வாங்கிய நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், 30 நாள் கணக்கு அந்தத் தேதியில் இருந்துதான் ஓடும்.